சுதந்திர தினத்து வெள்ளைத் துணி

காலிதீன் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு இருந்தது பொறாமை என்ற ஒரே நோய். நான் வேலை செய்த ஆஸ்பத்திரியில் அதற்கு மருந்து இல்லை.

மருதமுனையில் நெய்த சாரன்களைத் தோளில் சுமந்து விற்றுத் தொடங்கியவர் அவர். கல்முனைக் கடைத்தெருவில் அவர் ஒரு கடை பிடித்த அதே வருடம் பக்கத்துக் கடையைப் பக்கீர் முகைதீன் பிடித்தார். காலிதீன் கோடு போட்ட சாரன்களோடு நின்றுவிட்டார். மற்றவர் கொழும்பிலிருந்து சீத்தையும் சேலையும் வெள்ளைத் துணியும் இறக்கினார், கண்ணாடி அலுமாரியும் வைத்தார். காலிதீன் தன் கடையில் உட்கார்ந்தபடி பக்கத்துப் படியில் கழற்றி வைத்த செருப்புகளை எண்ணுவார். ஏழு சோடி கண்டால் அன்று பகல் சோறு இறங்காது. புருசனின் வயிற்றெரிவுக்கு மருந்து கேட்டு என்னிடம் வந்த அவர் மனைவி றாபியா சொன்னது இது.

பெப்ரவரி நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்று, கடை திறக்கக் கூடாது, தறி ஓடக் கூடாது, கடை முகப்பில் கொடி பறக்க வேண்டும் என்று எங்கள் பகுதிச் சபை ஐம்பத்து மூன்றில் ஓர் ஒழுங்கு போட்டது. மருந்துக் கடைக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் மட்டும் விலக்கு. ஊரில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். காலிதீன் மட்டும் மகிழ்ந்தார். வருடத்தில் அந்த ஒரு நாளாவது பக்கத்துப் படியில் செருப்பு இராதே. பக்கத்துக் கொடிக்கம்பத்தைவிட ஒரு முழம் உயரமான கம்பம் நட்டார்.

அடுத்த வருடம் அதே நாளில் பக்கீர் முகைதீன் ஒரு கலியாண வீட்டாருக்குப் பின்கதவால் சேலை விற்றார். சபைக்குப் பெயரில்லாத பெட்டிசம் ஒன்று போயிற்று. அந்தப் பின்கதவு தெரிகிற ஒரே இடம் காலிதீனின் கிணற்றடி. எழுதியவர் யாரென்று ஊருக்கு உடனே விளங்கிவிட்டது. பக்கீர் முகைதீன் குற்றப்பணத்தைக் கட்டிவிட்டுச் சும்மா இருந்தார்.

ஐம்பத்தைந்தில் அந்த நாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு காலிதீனின் உம்மா சரீபா மவுத்தானார். வெள்ளிக்கிழமையில் அடக்கப்பட வேண்டும் என்று வருடக்கணக்காகத் துஆச் செய்த மனுசி. ஜும்ஆ முடிந்த கையோடு தொழுவித்து அடக்குவதென்று முடிவாயிற்று. ஊரில் மவுத்தாகும் பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டுகிறவள் நான் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். தண்ணீர், கற்பூரம் எல்லாம் இருந்தன. உடலைச் சுற்றிக் கபனிட வெள்ளைத் துணிதான் இல்லை. கடைத்தெருவில் அதை வைத்திருந்தவர் ஒருவரே. தெற்கே அக்கரைப்பற்றிலும் அதே ஒழுங்குதான், அன்று கடைகள் பூட்டு.

"சாரன்ல சுத்த ஏலாதா, ராத்தா?" என்று என்னைக் கேட்டார் காலிதீன்.

"கோடு போட்ட சாரன்லயா? நடங்க."

எத்தனை யார் நீளத் துணி வேண்டுமென்று அவருக்குத் தெரியாது. அதனால் நானும் போனேன்.

பக்கீர் முகைதீன் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் இன்னா லில்லாஹி ஓதினார். பிறகு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"கடை பூட்டு, தம்பி. இண்டைக்கு யாவாரம் செய்யப்படாது. செஞ்சா ஆரோ பெட்டிசம் எழுதுறாங்களாம்."

காலிதீன் நிலத்தைப் பார்த்தார். "காக்கா, உம்மா வெள்ளிக்கிழமையெண்டு ஆசைப்பட்டவ."

"விக்கத்தான் தடை. குடுக்கத் தடையில்ல," என்று சொல்லிச் சாவியை எடுத்தார்.

முன்கதவைத்தான் திறந்தார், தெரு பார்க்க. நான் சொன்ன அளவை அளந்து கிழித்தார். காலிதீன் காசெடுக்க மடியை அவிழ்த்தார்.

"விலை சொல்ல மாட்டன். சொன்னா யாவாரமாப் போயிரும்."

சரீபாவை ஐந்து துண்டில் கபனிட்டேன். நல்ல துணி. ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கினார்கள்.

மறுநாள் கடை திறந்ததும் காலிதீன் துணியின் விலையோடு போனார். "நேத்து யாவாரமே நடக்கல்லயே, தம்பி," என்று பக்கீர் முகைதீன் வாங்க மறுத்துவிட்டார்.

சரீபாவுக்காக ஓதிய நாற்பதாம் நாள் கத்தத்துக்கு நான் போனபோது காலிதீன் மெலிந்திருந்தார். தாயை நினைத்து என்று நினைத்தேன்.

"என்ட உம்மாட கபன், ராத்தா. அந்த நன்மையும் பக்கத்துக் கடைக்கே போயிட்டு."

செருப்பை எண்ணியவர் இப்போது நன்மையை எண்ணத் தொடங்கியிருந்தார்.

அதன் பிறகு அவரும் கடையில் வெள்ளைத் துணி வைத்தார். வருடாவருடம் நாலாம் தேதி பலகைக் கதவை ஒரு சாண் நீக்கிவிட்டு உள்ளே காத்திருப்பார், யாராவது கேட்டு வந்தால் சும்மா கொடுக்க. முதல்நாள் ஆஸ்பத்திரி வாசலுக்கும் வருவார்.

"வார்ட்டில ஆருக்கும் கடுமையா இருக்கா, ராத்தா?"

"இருந்தா?"

"சும்மா கேட்டன்."

"ஆக்கள் மவுத்தாகோணுமெண்டு காவல் இருக்கிற ஆளை இப்பதான் காணுறன். வீட்ட போங்க."

ஒருவரும் துணி கேட்டு அவரிடம் வரவில்லை. மூன்றாம் வருடம்தான் காரணம் தெரிந்தது. சரீபாவின் மவுத்துக்குப் பிறகு பக்கீர் முகைதீன் ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் முதல்நாளே ஒரு கபன் துணியைப் பள்ளிவாசல் அலுமாரியில் வைத்துவிடுவாராம், யாருக்கும் சொல்லாமல். காலிதீன் இரண்டு கொண்டுபோய் வைத்தார். அதுவும் ஒவ்வொன்றும் ஒரு முழம் நீளம் கூட்டி.

அந்த வருடம், ஐம்பத்தெட்டில், நாலாம் தேதி கடற்கரையோரத்து மீன்காரர் ஒருவரின் மனைவி பிள்ளைப்பேற்றில் மவுத்தானாள். பள்ளியிலிருந்து எனக்குத் துணி வந்தது. வேலையை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் காலிதீன் கதவிடுக்கிலிருந்து வெளியே வந்தார்.

"யார்ட துணி, ராத்தா?"

"பள்ளிட துணி."

"அது சரி. நீளமா இருந்திச்சா?"

"அவளுக்குக் காணுமான அளவு இருந்திச்சு," என்றேன். பிறந்த குழந்தை உயிரோடு இருந்தது, அதற்குப் பால் கொடுக்க ஆள் தேட வேண்டியிருந்தது. நான் நிற்கவில்லை.