மேஸ்திரி லிங்கம்மா சொல்லாத வார்த்தை

கன்னட தேசத்தில், மகாராஜா காலத்தில், மண்டி மொஹல்லா என்ற பேட்டைக்குப் பின்னால் பட்டுநூல் இழுக்கும் ஆலை ஒன்று இருந்தது. வேலைக்காரர்கள் பெரும்பாலும் பெண்கள். கொதிக்கிற தொட்டியில் பட்டுக்கூடுகளைப் போட்டு, அந்த வெந்நீருக்குள்ளேயே விரலை விட்டு இழை பிடிக்க வேண்டும். அங்கே மேஸ்திரியாக உயர்ந்த முதல் பெண், கொள்ளேகாலத்து லிங்கம்மா.

புருஷன் செத்து, பிழைக்க வழியில்லாமல் வந்தவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அதே ஊர்க்காரி மாதேவி. தங்க இடமும் அவளே கொடுத்தாள். மத்தியானம் இருவருக்கும் ஒரே தட்டில்தான் களி.

லிங்கம்மாவுக்கு வாய் நீளம். குழாயடியில் அவளை ஜெயித்தவர் இல்லை. பெண்களை அதட்டி வேலை வாங்க ஆகும் என்றுதான் மானேஜர் நஞ்சுண்டசாமி அவளை மேஸ்திரி ஆக்கினார். ஆனால் அவர் அறைக்குள் காலை வைத்துவிட்டால் புலி எலியாகிவிடும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள். சமயத்துக்கு உதவாத வாய் எத்தனை நீளமாக இருந்தால்தான் என்ன?

அந்த ஐப்பசியில் மாதேவியின் விரல்கள் வெந்து புண்ணாகி ஆறவே இல்லை. அவள் தொட்டியில் இழை அறுந்துகொண்டே இருந்தது. சொத்தைக் கூடு பொறுக்கும் அறைக்கு மாற்றினால் பிழைத்துக்கொள்வாள். அங்கே தண்ணீரில் கை வைக்க வேண்டாம், ஆளும் தேவையாயிருந்தது. மாற்றாவிட்டால் வேலை போய்விடும்.

“வெசனப்படாதக்கா. நாளைக்கு நானே பேசிப்போடறேன்” என்றாள் லிங்கம்மா. மானேஜரிடம் பேச வேண்டியதை வழியெல்லாம் அவருடைய கன்னடத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மானேஜரே கேட்டுவிட்டார். “மாதேவிக்குக் கை சரியில்லை போலிருக்கிறதே. வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா? மேஸ்திரி நீதானே, சொல்லு.”

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. ஆனால் ஊர்க்காரிக்குப் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்துவிட்டால்? அதுவே புதிதாகக் கிடைத்த மேஸ்திரி வேலைக்கு உலை வைத்துவிட்டால்? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“தம்ம இஷ்ட, சுவாமி” என்றாள், எல்லாம் உங்கள் இஷ்டம் என்று.

“சரி” என்றார் அவர். அவ்வளவுதான்.

வேலை போய் மாதேவி தூக்குப்பாத்திரத்தோடு வாசலுக்கு வந்தபோது லிங்கம்மா ஓடிப்போய் அழுதாள். மாதேவி துணி சுற்றிய கையால் அவள் கண்ணைத் துடைத்தாள்.

“அழுவாத புள்ள. எனக்காவ நீ எத்தன கெஞ்சியிருப்பீன்னு எனக்குத் தெரியாதா? அந்த ஆளு மனசு கல்லு, நீ என்ன பண்ணுவே?”

இல்லை அக்கா, நான் வாயே திறக்கவில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

மாதேவி கொள்ளேகாலம் போய், கூலிக்கும் ஆகாத கையோடு இரண்டு வருஷம் கிடந்து செத்தாள். லிங்கம்மா அதன்பின் வேறு ஆளாகிவிட்டாள். கை வெந்த ஒவ்வொரு பெண்ணுக்காகவும் மானேஜர் மேஜைக்கு முன் நிமிர்ந்து நின்று பேசினாள். பேசியது பலிக்கவும் செய்தது. அவர் ஒன்றும் கல் இல்லை, சொன்னால் கேட்கிற மனுஷன்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அது தெரிந்த நாளிலிருந்து அவளுக்குக் களி தொண்டையில் இறங்கவில்லை.

புதிதாக வரும் பெண்களிடம் பழையவர்கள் சொல்வார்கள்: “நம்ம மேஸ்திரியம்மா அந்தக் காலத்துலயே மாதேவிக்காவ மானேஜரோட சண்டை போட்டவங்க.”

லிங்கம்மா அதைக் கேட்டுக்கொண்டே தொட்டிகளைப் பார்த்தபடி நடந்து போவாள்.