மேடைக்குப் பின்னால் இரண்டு நிமிடம்

என் மகள் ஓப்பராவில் பாடப் போகிறாள் என்று, மெல்பேர்னில் நாங்கள் இருக்கும் நோபல் பார்க் முழுவதும் சொல்லித் திரிந்தவன் நான்தான். அவள் மேடையில் தலை காட்டவே மாட்டாள் என்பதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவளுக்குக் கிடைத்தது ஓர் ஆட்டிடையனின் பாட்டு. இரண்டாவது இடைவேளை முடிந்து மூன்றாம் அங்கம் தொடங்கியதும், ரோம் நகரில் விடியப்போகும் நேரம், தூரத்தில் யாரோ ஆடுகளை ஓட்டியபடி பாடிப் போவார்கள். ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். வார நாட்களில் மருந்துக்கடையில் வேலை செய்கிற என் மகள், திரைக்குப் பின்னால் நின்று பாடவேண்டிய அந்த இரண்டு நிமிடத்துக்காக மூன்று மாதம் குளியலறையை எங்களுக்கு விடவில்லை.

"அப்பா, நீங்கள் கடைசி வரிசையில இருக்கோணும். என்ர குரல் அங்க வரைக்கும் வருதோ எண்டு எனக்குச் சொல்லோணும்" என்றாள்.

"அங்க இருக்கிற பெரியாக்களைக் கேளன்."

"அவை எல்லாத்துக்கும் லவ்லி எண்டுதான் சொல்லுவினம். நீங்கள் ஒருநாளும் என்னைப் புகழுறேல்லை. நீங்கள் சொன்னா நம்புவன்."

குரல் எட்டினால் அடுத்த பருவ ஓப்பராவுக்கான குரல்தேர்வுக்குப் போவாளாம். எட்டாவிட்டால் இதோடு பாட்டை விட்டுவிடுவாளாம். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளையைப் புகழாமல் வளர்த்ததற்கு இப்படி ஒரு தண்டனை வரும் என்று யாருக்குத் தெரியும்?

டண்டினொங்கில் நான் வேலை செய்யும் வெயர்ஹவுசில், மதிய இடைவேளைகளில் கைபேசியில் அந்த ஓப்பராவின் பிறப்பு வளர்ப்பைத் தேடிப் படித்தேன். இசையமைத்தவர் முதலில் ஒரு பிரெஞ்சு நாடகத்தைப் பார்த்திருக்கிறார். பிரெஞ்சு அவருக்குச் சரிவர ஓடாது. இருந்தும் கதை ஆளைப் பிடித்துக்கொண்டது. பிறகு விடியற்காலை மணியோசை எப்படி இருக்கும் என்று அறிய, ரோமிலுள்ள கோட்டைக்கு மேலே ஏறி நின்று காது கொடுத்திருக்கிறார். மனுசன் வேலை தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

அது முதல் நாள் மேடையேறியபோது நடந்ததைப் படித்ததும் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தேன். அரங்கில் குண்டு வைக்கப் போகிறார்கள் என்று வதந்தி. பாட்டு தொடங்கிச் சற்று நேரத்தில், பிந்தி வந்தவர்கள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வர, பெரிய அமளி. திரையை இறக்கி, முதலிலிருந்து தொடங்கினார்களாம். மற்ற ஓப்பராக்களைத் தேடினேன், அவையும் ஆறுதல் தரவில்லை. ஒன்றில் காசநோயால் சாகவேண்டிய கதாநாயகி வாட்டசாட்டமாக இருந்ததால் சனம் சிரித்திருக்கிறது. இன்னொன்றை எழுதியவர், முதல் நாள் வாங்கிய ஏச்சோடு மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று அதை உலகமெல்லாம் பாடுகிறார்களாம். பாடட்டும். செத்தவருக்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

ஞாயிறு மதியக் காட்சிக்குப் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அவள் விடியவே எழும்பி, இறைச்சி வைத்துச் சுருட்டிய நாற்பது ரோல்ஸ் பொரித்து, எங்கள் வான் வண்டியில் ஏற்றிவிட்டிருந்தாள். எங்கள் நிகழ்ச்சிக்கு வந்த சனத்தை வெறும் வயிற்றோடு அனுப்புவது எங்கள் வழக்கத்தில் இல்லை. இது எங்கள் நிகழ்ச்சியே இல்லை என்பது எனக்கு ஏனோ உறைக்கவில்லை.

முதல் இடைவேளையில் பக்கத்து வீட்டு அன்ரி என் சட்டையைப் பிடித்து இழுத்தா.

"எங்க தம்பி, பிள்ளையைக் காணேல்லை?"

"வருவா அன்ரி, இன்னும் நேரமிருக்கு."

இரண்டாம் அங்கத்தில் அதைவிட மோசமான ஒன்று நடந்தது. பொலிஸ் அதிகாரி ஒருவன் கைதியைப் பக்கத்து அறையில் வைத்துச் சித்திரவதை செய்கிறான். மேடையில் அலறல் மட்டும்தான் கேட்கிறது. என்னோடு வேலை செய்கிற, இலங்கையிலிருந்து படகில் தப்பி வந்து இன்னும் தற்காலிக விசாவில் இருக்கும் ஒருவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு குனிந்தார். கதை முழுவதையும் படித்த நான், யாரைக் கூட்டிவந்து இதன் முன்னால் இருத்துகிறேன் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

திரை இறங்கியதும் அவர் எழுந்து வெளியே போனார். எங்கள் ஆட்களும் அவருக்குப் பின்னால் வெளியே வந்து நின்றார்கள். என்ன செய்வதென்று தெரியாதபோது நாங்கள் வழக்கமாகச் செய்வதையே செய்தேன்.

"வாங்கோ எல்லாரும், வானில ரோல்ஸ் இருக்கு. ஒரு வாய் சாப்பிட்டு வருவம்."

கார் பார்க்கில் சனத்துக்கு உயிர் வந்தது. அந்த மனிதர் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார், மூன்றாவதை நான் கையில் திணித்தேன். யாரோ தேநீர் ஊற்றினார்கள். யாரோ வெட்டுக்காயத்துக்குக் கட்டுப்போடுகிற மாதிரி அவருடைய தோளைச் சுற்றிக் கை போட்டார்கள். இடைவேளை முடிந்ததென்று அரங்கில் அடிக்கும் மணி கார் பார்க்குக்குக் கேட்காது என்பது, நேரத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஓடினேன். இருபது வருஷத்தில் அப்படி ஓடியதில்லை. கதவு பூட்டியிருந்தது. இந்த அங்கம் முடியும்வரை திறக்க மாட்டோம் என்று வாசலில் நின்ற பெண் மரியாதையாகச் சொன்னாள். உள்ளே நடப்பதைக் காட்ட வெளிச்சுவரில் வைத்திருந்த தொலைக்காட்சியில் ஒரு கைதி கடிதம் எழுதிக்கொண்டிருந்தான்.

"ஆட்டிடையன் பாட்டு?" என்று கேட்டேன்.

"அது முதலிலேயே முடிந்துவிட்டதே."

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். உள்ளே துப்பாக்கிகள் வெடித்தன, கைதட்டல் கேட்டது. பதினைந்து பேரும் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கறுப்புச் சட்டையோடு மகள் வெளியே வந்தாள். அன்ரி முந்திக்கொண்டா. "நல்லாப் பாடினனீ, பிள்ளை!" எல்லோரும் தலையாட்டினார்கள். மகள் அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, வந்ததோ?"

கடைசி வரிசைக்கும் தெளிவாக வந்தது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், தேர்வுக்கும் போயிருப்பாள்.

"நான் உள்ளுக்கு இருக்கேல்லை, பிள்ளை. கார் பார்க்கில ரோல்ஸ் குடுத்துக்கொண்டு நிண்டனான். எங்கட ஆக்கள் ஒருத்தரும் கேக்கேல்லை."

அன்ரி நிலத்தைப் பார்த்தா. மகளின் முகம் சுருங்கியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கையை நீட்டி, என் சட்டையில் ஒட்டியிருந்த ரோல்ஸ் துகளைத் தட்டிவிட்டாள்.

"வாற சனியும் ஷோ இருக்கு அப்பா" என்றாள். "தனிய வாங்கோ. சாப்பிட்டிட்டு வாங்கோ."