சத்தமே வராத வீடு

"யாருக்கு இந்த வீடு?" என்று கேட்டான் கலெவி.

"உங்களுக்குத்தான் கலெவி. ஒப்பந்தம் உங்க பேர்ல இருக்கு. சாவி இந்தாங்க," என்றாள் மெர்வி. நகராட்சியின் வீட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவள்.

"குடிச்சா?"

"குடிங்க, குடிக்காம இருங்க, அது உங்க விஷயம். அக்கம்பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தொந்தரவு இல்லாம இருந்தா போதும். வேற நிபந்தனை எதுவும் இல்ல."

"எலிப்பொறிலகூடத்தான் நிபந்தனை எதுவும் எழுதியிருக்காது."

மெர்வி சிரித்தாள். கலெவி சிரிக்கவில்லை. சாவியை அவள் மேசைமேல் வைத்தாள். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் எடுத்தான். எடுக்காமல் வேறு வழி இல்லை. அவன் படுத்துவந்த, வீடில்லாதவர்களுக்கான விடுதியை மூடப்போகிறார்கள், வெளியே துறைமுகத்துக் காற்று முகத்தோலை உரித்துக்கொண்டிருந்தது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கலெவி ஹர்யு பல்லை மட்டுமல்ல, மாட்டின் வாய்க்குள் தலையையே விட்டுப் பார்க்கிற ஆள். அதற்காக அவனைக் குறை சொல்ல என்னால் முடியாது. கப்பல் கட்டும் துறையில் வெல்டராக இருந்தவன் அவன். முதலில் கப்பல் நின்றது, அப்புறம் சம்பளம் நின்றது, அப்புறம் மனைவி பேசுவதை நிறுத்தினாள். நண்பர்கள் வீட்டு சோபா, அடுக்குமாடிகளின் நிலவறை, ரயில் பாதைக்குப் பின்னால் காட்டில் கூடாரம் என்று சுற்றிக் கடைசியில் விடுதிக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தவன்.

நகராட்சி அவனுக்கு வீடு காட்டுவது இது முதல் தடவையும் அல்ல. அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஏணிப்படி வைத்திருந்தார்கள். குடிக்காமல் பொது அறையில் இருந்து காட்ட வேண்டும், பிறகு பயிற்சி வீடு, அங்கேயும் நல்ல பிள்ளையாக இருந்தால் அதற்கு மேல் ஒரு படி. கலெவி கிட்டத்தட்ட உச்சிக்கே ஏறிவிட்டான். அப்போதுதான் கூட வேலை பார்த்த ஒருவன் செத்துப்போனான். அடக்கம் முடிந்து வந்து இரண்டு பீர் குடித்தான். மறுநாள் காலையில் ஓர் அதிகாரி தன்னிடமிருந்த பொதுச்சாவியால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார், மோப்பம் பிடித்தார், சாயங்காலம் கலெவி பையோடு தெருவில் நின்றான். பூட்டுக்குள் அடுத்தவன் சாவி திரும்புகிற அந்தச் சத்தம் இன்றைக்கும் அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும்.

இப்போது நகராட்சிக்கு ஞானோதயம் வந்திருக்கிறது. ஏணியைத் தூக்கி எறிந்தாகிவிட்டது. முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு. விடுதிகளை மூடிவிட்டு, சாதாரணக் குடும்பங்கள் இருக்கும் கட்டடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடு வாங்கி, வீடில்லாதவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். நல்ல யோசனைதான், பலருக்குப் பலித்தும் இருக்கிறது. ஆனால் சூடு கண்ட பூனையிடம் அடுப்பை மாற்றிவிட்டோம் என்று சொன்னால் அது நம்புமா?

வீடு மூன்றாம் மாடியில். ஓர் அறை, சின்னச் சமையலறை, ஜன்னலுக்கு வெளியே பிர்ச் மரம். கலெவி உள்ளே நுழைந்ததும் புகையறியும் கருவியைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தான். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் ஒரு விஷயம் அவனை உறுத்தியது. சுவர் பழசு, அலமாரி பழசு, கதவில் பழைய கீறல்கள். தரை மட்டும் புத்தம் புதுசு, பசை வாடை இன்னும் போகவில்லை.

"தரைய மட்டும் ஏம்மா மாத்தினீங்க?"

"தெரியல. வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு," என்றாள் மெர்வி.

தெரியவில்லையாம். அன்றைக்கே அவன் முடிவு கட்டிவிட்டான், இந்த வீட்டில் ஏதோ இருக்கிறது.

அந்த 'ஏதோ' எது என்பது சீக்கிரமே பிடிபட்டதாக அவன் நினைத்தான். எதிர்வீடு. தபால் துவாரத்தில் சர்கோலா என்று பெயர். எங்கள் ஊர் மாடிப்படிகளில் ஒரு மரியாதை உண்டு. வெளியே கிளம்புமுன் கதவுத் துளைவழியாகப் பார்ப்போம். அக்கம்பக்கத்து ஆள் யாராவது வெளியே நின்றால் அவர் போகும்வரை செருப்பும் கோட்டும் மாட்டிக்கொண்டு உள்ளேயே நிற்போம். யாரும் யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது இல்லையா? கலெவிக்கும் அது தெரியும், அவனும் இந்த ஊரில் பிறந்தவன்தான். ஆனால் இந்த சர்கோலா செய்வது வேறு. காலையில் கலெவி கதவுப்பக்கம் வந்தால் எதிர்க்கதவுக்குப் பின்னால் தரை கிறீச்சிடும். கலெவி நின்றால் அங்கேயும் நிற்கும். கலெவி படியிறங்கிப் போன பிறகு எதிர்வீட்டுத் தாழ்ப்பாள் மெல்ல விழும். ஒருநாள் அல்ல, தினமும்.

விடுதியில் மேல்கட்டிலில் படுத்திருந்த சூலோ ஒருநாள் காபிக்கு வந்தான். அவனுக்கும் ஊரின் மறுகோடியில் வீடு கொடுத்திருந்தார்கள்.

"உளவுடா," என்றான் சூலோ, கதவுத் துளையில் கண்ணை வைத்தபடி. "இத்தன வீட்டுக்கு நகராட்சி ஆள் போட்டு மாளுமா? எதிர்வீட்டுக் கிழவனுக்கு ஒரு வேலை கொடுத்திருப்பாங்க. நீ எப்ப வர, எப்ப போற, யாரு கூட வர..."

"அப்ப நீயும் கணக்குல வந்திருப்ப."

"அதான் சொல்றேன், ரெண்டாவது காபி வேணாம். நான் கிளம்பறேன்."

"உன் வீட்டுல எதிர்ல யாரு?"

"ரெண்டு கைக்குழந்தை வச்சிருக்கிற ஒரு பொண்ணு. அது உளவு பாக்குதோ இல்லையோ, அதுங்க போடற கூச்சல்ல நான் செத்தாக்கூட யாருக்கும் கேக்காது," என்று சொல்லிவிட்டு சூலோ பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டே படியிறங்கினான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றிலிருந்து கலெவி சத்தம் போடுவதை நிறுத்திவிட்டான். தொந்தரவு என்று ஒரே ஒரு புகார் போனால் வீடு போய்விடும், அவன் கணக்கு அதுதான். காலுறையோடு நடந்தான். வானொலியை வைக்கவில்லை. நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைத்தான். தண்ணீரைக்கூட நூலாகத் திறந்தான். கட்டடத்துப் பொது நீராவிக் குளியலறையான சவுனாவில் அவனுக்கென்று ஒதுக்கிய முறைக்கும் போகவில்லை, அங்கே போனால் நாலு பேர் கண்ணில் படவேண்டும். படுக்கையும் அறையில் இல்லை. கதவுக்கு உள்பக்கம், கோட் மாட்டுகிற இடத்தில், தூக்கப்பையை விரித்துப் படுத்தான், கட்டின பையைத் தலைக்கு வைத்து.

இவ்வளவு பயந்தவன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். போகமுடியவில்லை. அவனுக்கு அந்த வீடு பிடித்துவிட்டது. தன் பாத்திரத்தில் தானே உருளைக்கிழங்கு அவித்து, வெண்ணெய் போட்டு, யாருடைய முழங்கையும் இடிக்காமல் உட்கார்ந்து தின்ற முதல் நாள் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. வாய்விட்டு அழவும் பயம், சுவர் மெல்லிசு. இழக்க ஒன்றுமில்லாத வரைக்கும் அவனை யாராலும் பயமுறுத்த முடிந்ததில்லை. இப்போது ஒரு கிழவனின் தாழ்ப்பாள் பயமுறுத்தியது.

பனி இறுகிய ஒரு வாரத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. இருமலைத் தூக்கப்பைக்குள் முகத்தைப் புதைத்து இருமினான். வெளியே போகவில்லை, அடுப்பு மூட்டவில்லை. மெர்வி தொலைபேசியில் கூப்பிட்டபோது அது எப்போதோ சார்ஜ் தீர்ந்து கிடந்தது. கதவு மணி அடித்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். மறுபடி அடித்தது. பிறகு பூட்டுக்குள் சாவி திரும்பியது.

கதவு அவன் முதுகில் வந்து இடித்தது. இடுக்கு வழியாகக் கட்டடக் காவலாளியின் முகம், அவருக்குப் பின்னால் மெர்வி, அவளுக்கும் பின்னால் வெள்ளை முடியோடு ஒரு கிழவர். அதுவரை வெறும் தாழ்ப்பாள் சத்தமாக மட்டுமே இருந்த ஐமோ சர்கோலா அவர்தான்.

"இருக்காரு! உயிரோட இருக்காரு!" என்று கிழவர் கத்தினார்.

கலெவி சுவரைப் பிடித்து எழுந்தான்.

"தெரியும். வருவீங்கன்னு தெரியும். பையக் கட்டித்தான் வச்சிருக்கேன்," என்றான். அப்புறம் கிழவரைப் பார்த்தான். "புகார் பண்ணினது நீதானே?"

"ஆமா. நான்தான் கூப்பிட்டேன்."

"என்ன சத்தம் கேட்டுச்சு? சொல்லு, இவங்க முன்னாடியே சொல்லு. நான் அப்படி என்ன சத்தம் போட்டேன்?"

"ஒண்ணும் கேக்கல," என்றார் ஐமோ. "அதனாலதான் கூப்பிட்டேன்."

காவலாளி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐமோதான் மறுபடி ஆரம்பித்தார், கலெவியைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு. "முன்னாடி இங்க எர்க்கின்னு ஒருத்தர் இருந்தாரு. ரொம்ப அமைதியான ஆளு. நல்ல அண்டைவீட்டுக்காரர்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். ஒரு குளிர்காலம் பூரா சத்தமே இல்ல. எவ்வளவு மரியாதையான மனுஷன்னு நெனச்சேன். வெயில் காலம் வந்து, படிக்கட்டுல வாடை வந்தப்பதான்..." அவர் முடிக்கவில்லை. "தரைய அதனாலதான் மாத்தினாங்க."

கலெவி மெர்வி பக்கம் திரும்பினான்.

"எனக்குத் தெரியாது கலெவி," என்றாள் அவள். முகம் வெளுத்திருந்தது. "சத்தியமா தெரியாது. கேட்டிருக்கணும். நீங்க அன்னைக்கே கேட்டீங்க, நான் விசாரிக்கல."

சந்தேகம் பலித்துவிட்டது, வீட்டில் ஏதோ இருக்கத்தான் செய்தது. ஆனால் சந்தோஷப்பட அவனால் முடியவில்லை. கதவுக்கு உள்பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தான் கிடந்த கிடப்பை நினைத்தான். இந்தக் கிழவர் மட்டும் கூப்பிடாமல் இருந்திருந்தால்?

"அதான் தினமும் காலைல கதவுகிட்ட நின்னு கேட்பேன்," என்றார் ஐமோ. "நீங்க இறங்கிப் போற சத்தம் கேட்டாத்தான் எனக்குக் காபி இறங்கும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். காலைல ஏதாவது ஒரு சத்தம் போடுங்க. ஒரு இருமல் போதும்."

"உன் காபி இறங்க நான் இருமணுமா?" என்று கேட்டான் கலெவி. "அந்த எர்க்கி வீட்டுக் கதவ ஒரு தடவையாவது தட்டினியா?"

"இல்ல."

"ஏன்?"

"தொந்தரவா இருக்கும்னு..."

இந்த ஊரில் இதைவிட நல்ல காரணம் கிடையாது, இதைவிடக் கேவலமான காரணமும் கிடையாது. கலெவிக்கு அது புரிந்தது. அதே காரணத்துக்காகத்தான் அவனும் தண்ணீரை நூலாகத் திறந்தான்.

மெர்வி மெல்லக் கேட்டாள்: "வேற வீடு பாக்கட்டுமா கலெவி? இத நான் திருப்பி எடுத்துக்கறேன். உங்கமேல எந்தத் தப்பும் வராது."

அவன் அவளை நம்பலாமா என்று இன்னும் ஒருதரம் பார்த்தான்.

"வேணாம். இந்த ஆளுக்குக் கதவு தட்டத் தெரியல. நான் போயிட்டா அடுத்து வர்றவனும் செத்துதான் கிடப்பான்." பிறகு கிழவரிடம் சொன்னான்: "இருமல்லாம் வராது. தட்டணும். இப்பவே தட்டிக் காட்டு."

கதவை மூடிவிட்டான். மூன்று பேரும் வெளியே. நெற்றி கொதிக்க, கதவில் சாய்ந்து நின்றான். நேரம் போனது. படிக்கட்டு விளக்கு தானாக அணைந்து கதவுத் துளை இருண்டது. பழைய சந்தேகம் தலைதூக்கியது. போயிருப்பார்கள், ஒப்பந்தத்தைக் கிழிக்கத்தான் போயிருப்பார்கள்.

தட்டும் சத்தம் கேட்டது, ஒரே ஒரு விரலால் தட்டியது போல.

"யாரு?"

"ஐமோ. எதிர்வீடு."

கலெவியின் கை தாழ்ப்பாளுக்குப் போனது. ஆனால் அவன் திறக்கவில்லை. இதற்குமேல் பதில் வராவிட்டால் இந்த மனிதர் என்ன செய்வார் என்பது அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றான்.

ஐமோ கதவைக் கையால் ஓங்கி அறைந்தார். கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். அதன் பிறகுதான் கலெவி திறந்தான்.