வந்து சேராத பயணம்: றக்வானையில் கோமதியின் வீடு

போன டிசம்பரில் மூன்று வார லீவில் இலங்கைக்கு வந்திருந்தேன். என் சித்தி மகள் கோமதியை, கல்யாணமாகி நாலு வருஷமாகியும் பிள்ளை இல்லையென்று, மாமியார் வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டதாக அம்மா சொன்னாள். அவளைப் பார்க்கத்தான் றக்வானைக்குப் போனேன். மலை பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்களுக்காக வழியையும் செலவையும் எழுதுகிறேன். மற்றதையும் எழுத கோமதி சம்மதித்திருக்கிறாள். அவள் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கொழும்பில் காலை ஆறேகாலுக்கு எம்பிலிப்பிட்டிய பஸ். இரத்தினபுரி தாண்டி பெல்மதுளையில் இறங்க வேண்டும். நூற்றிருபது கிலோமீற்றர், நாலு மணித்தியாலம், நானூற்று எண்பது ரூபாய். வலப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. பெல்மதுளையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு றக்வானை பஸ் பிடித்தேன். இன்னும் முப்பது கிலோமீற்றர்தான், ஆனால் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. வயிறு லேசானவர்கள் பின் சீட்டுப் பக்கமே போகாதீர்கள். வளைவுகளில் குடல் வாய்க்கு வந்துவிடும்.

டவுனிலிருந்து சித்தி இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்கு ஏழு கிலோமீற்றர், திரீவீலுக்கு ஆயிரத்து இருநூறு. ஓட்டியவர் தோட்டத்து ஆள்தான், சித்தி சொல்லி என்னைத் தெரிந்திருந்தது.

“மிஸ் டொக்டருக்கா படிக்கிறீங்க?”

“வைத்தியம் பாக்கிற டொக்டர் இல்லீங்க. எலியோட மூளைய ஆராய்ச்சி பண்றேன்.”

“ஹரி, ஹரி, சரிதான். எங்க வீட்டு எலிக்கு மூளை ரொம்ப ஜாஸ்தி மிஸ், வேணும்னா புடிச்சுத் தாறேன்.”

சிரித்துக்கொண்டே போய் இறங்கினேன். அன்றைக்கு நான் சிரித்தது அவ்வளவுதான்.

என் முனைவர் பட்ட ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனிச் சொல்லப்போவது விளங்காது. மூளையின் அடியில் கொஞ்சம் நரம்புக் கலங்கள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று சைகை கொடுத்து, எல்லாம் ஒன்றாக, தாளம் தப்பாமல் ஒரு ஹோர்மோனைத் துளித் துளியாக விடுகின்றன. பெண்பிள்ளை வயசுக்கு வருவதும் பிள்ளை உண்டாவதும் அந்தத் தாளத்தால்தான். அந்தக் கலங்கள் மூளையில் பிறப்பவை அல்ல. கரு வயிற்றில் இருக்கும்போதே அவை மூக்கில் பிறந்து, வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு நடந்து போகின்றன. எனக்குத் தெரிந்த பயணங்களில் இதைவிட அதிசயமானது வேறில்லை. சிலருக்கு அவை பாதி வழியிலேயே நின்றுவிடும்.

கோமதி லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்றாள். இருபத்தாறு வயசுக்காரி, பதின்மூன்று வயசுப் பிள்ளை போல இருந்தாள். அடுப்பில் கருவாடு போட்டுவிட்டு என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். கருகல் நாற்றம் எனக்குத் தொண்டையைப் பிடித்தது. அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாவகாசமாக நின்றாள்.

சித்தி ஓடிவந்து சட்டியை இறக்கினாள். “இவளுக்குக் கவனமே இல்ல. அங்கயும் இப்படிக் கருக்கிக் கருக்கித்தான் ஏச்சு வாங்கினா.”

“கவனம் இல்லாம இல்லம்மா. எனக்கு எந்த வாசமும் எப்பவுமே தெரியாது,” என்றாள் கோமதி.

வாசனை நரம்பே சரியாக இல்லையென்றால், அதைப் பிடித்து வரவேண்டிய கலங்களும் வந்து சேர்ந்திருக்காது. தண்ணீர் பீலிக்குப் போகிற சாக்கில் அவளைத் தனியாகக் கூட்டிப்போய், எப்போது வயசுக்கு வந்தாய் என்று கேட்டேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

“வரவே இல்லக்கா.”

“சடங்கு வச்சாங்களே? நானும்தானே வந்தேன்?”

“மாமா கட்டார் போகப்போறாருன்னு வச்சாங்க.”

தாய்மாமன் ஓலைக் குச்சு கட்டாமல் இங்கே சடங்கு இல்லை. சித்திக்கு இருப்பது ஒரே தம்பி. அவர் போனால் திரும்ப எத்தனை வருஷமோ. கோமதிக்குப் பதினாறு முடிந்து லயத்தில் பேச்சும் ஆரம்பித்திருந்தது. எப்படியும் வந்துவிடும், முன்னே பின்னே என்ன என்று, தம்பி இருக்கும்போதே சித்தி ஊரைக் கூட்டிவிட்டாள்.

“சந்தனம் பூசி, மல்லிகைப்பூ வச்சாங்க. நல்லா மணக்குதுல்லன்னு எல்லாரும் கேட்டாங்க. நானும் தலையாட்டினேன்.”

அதற்குப் பிறகு அந்தப் பொய்யைவிட்டு யாராலும் வெளியே வர முடியவில்லை. மாமியார் வீட்டில் மாசாமாசம் மூன்று நாள் சாமி விளக்கு ஏற்றாமல் இருந்து நடித்திருக்கிறாள். மாமியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனபோதும் டொக்டரிடம் “ஒழுங்கா வருது” என்றுதான் சொன்னாளாம்.

அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லப் பார்த்தேன். “காலையில வேலைக்குப் பெரட்டு மணி அடிக்கிற ஆளு தோட்டத்துக்கே வந்து சேரலன்னு வச்சுக்க. லயத்துல எல்லாரும் ரெடியாத்தான் இருக்காங்க. மணி அடிக்கலன்னா மலைக்கு யாரு போவா?”

மறுநாள் சித்தியையும் கூட்டிக்கொண்டு இரத்தினபுரியில் ஒரு நிபுணரிடம் போனோம். இந்தமுறை கோமதி உண்மையைச் சொன்னாள். அவரும் நான் சந்தேகப்பட்டதையே சொன்னார். இரத்தப் பரிசோதனைக்கும் தலை ஸ்கேனுக்கும் எழுதிக்கொடுத்தார். குறையும் ஹோர்மோனைக் கொடுத்தால் உடம்பு தேறும், எலும்பு தேயாமல் தப்பும், பிள்ளைக்கும் வழி உண்டு, முன்னமே வந்திருக்கலாமே என்றார். அந்த ‘முன்னமே’யைச் சித்தியால் தாங்க முடியவில்லை. கோமதியின் புருஷனுக்குத் தை மாசம் வேறு பெண்ணோடு கல்யாணம் முடிவாகியிருந்தது.

“இறங்கி இப்பவே போய்ச் சொல்லிருவோம்டி,” என்று திரும்புகிற பஸ்ஸில் சித்தி அழுதாள். மாமியார் வீட்டுத் தோட்டத்துச் சந்தி வந்துகொண்டிருந்தது.

“பத்திரிகை அடிச்சாச்சும்மா. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?”

சந்தி கடந்து போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து கோமதி என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அந்தக் கலங்கள் வராம நின்னது எப்ப?”

“நீ பொறக்கிறதுக்கு முந்தி.”

“சடங்குக்கு முந்தியா?”

“ரொம்ப முந்தி.”

“அப்ப பொய்யா குச்சுல உக்காந்ததுக்கு மாரியம்மா தந்த தண்டனை இல்லியா?”

இல்லை என்றேன். பத்து வருஷமாக அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். “அம்மா, கேட்டீங்களா, மாரியம்மா இல்லியாம்,” என்று சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எலியின் மூளையில் அந்தத் தாளத்தைத் திரையில் பார்த்துச் சந்தோஷப்பட்ட நாட்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

போகிறவர்களுக்கு: றக்வானையில் பின்னேரம் மழை நிச்சயம், குடை வேண்டும். கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம். தோட்டப் பாதையில் அட்டை கடிக்கும், சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பியதும் இன்னொன்றும் செய்யுங்கள். வீட்டில் பதினைந்து தாண்டியும் வயசுக்கு வராத பிள்ளை இருந்தால், மாமனுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன் டொக்டரிடம் கூட்டிப்போங்கள். கண்ணை மூடச் சொல்லி, மூக்குக்குக் கிட்ட ஒரு மல்லிகைப்பூவைப் பிடித்து, என்னவென்று கேளுங்கள். சும்மா மணக்குதா என்று கேட்டுவிட்டு, அவள் தலையாட்டினால் நம்பிவிடாதீர்கள். கோமதியும் தலையாட்டினாள்.