கீழே கிடந்த கொப்பு

செந்தூல் தம்புசாமிக்கு மரம் தெரியும். பட்டையில் பாராங் கத்தியால் ஒரு கீறு கீறி உள்நிறத்தைப் பார்த்தாரென்றால் பேர் சொல்லிவிடுவார். இருபத்தேழு வருஷத்தில் ஒரு மரத்துக்கும் தப்பாகப் பேர் சொன்னதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

தொண்ணூற்று மூன்றில் அவர் வேலை பார்த்த வன ஆராய்ச்சிக்கூடத்துக்கு டிஎன்ஏ சோதனை வந்தது. எந்த மெராந்தி மரம் எதற்குப் பங்காளி, எது தூரத்து உறவு என்று இலையை அரைத்தே கண்டுபிடிக்கலாமாம். கிள்ளான் ஜவுளிக்கடைக்காரர் மகள் டாக்டர் ஆரிஃபா அதைச் செய்தார். இலை கொண்டுவருவது தம்புசாமி. ஒரே ஒரு கட்டளைதான்: பையில் எந்த மரத்தின் பேர் எழுதியிருக்கிறதோ அதில் ஏறி, அதன் கிளையிலிருந்தே பறிக்க வேண்டும்.

முட்டி நன்றாக இருந்த நாளில் ஏறினார். வலித்த நாளில், காற்றில் ஒடிந்து அடியில் கிடந்த பச்சைக் கொப்பிலிருந்து பறித்துப் பையில் போட்டார். பக்கத்து மரத்துக் கொப்பும் அங்கே வந்து விழும் என்பது அவருக்குத் தெரியாததா? ஆனால் ஏற முடியாதவனை வருஷக் கான்ட்ராக்டில் யார் வைத்துக்கொள்வார்கள்?

இரண்டு வருஷம் கழித்து ஆரிஃபா அவரைக் கூப்பிட்டு, சுவரில் ஒட்டிய வம்சப் படத்தைக் காட்டினார். சிவப்பு மெராந்தி ஒன்று மஞ்சள் மெராந்திக் குடும்பத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தது. கூட வேலை பார்த்தவர்கள், தம்புசாமி சொன்ன பேர்தான் தப்பு என்றார்களாம். ஆரிஃபா ஒப்பவில்லை.

"நீங்க பேர் சொன்னா சரியாதான் இருக்கும்ண்ணே. புஸ்தகத்துல போட்ட உறவுமுறைதான் தப்பு. அடுத்த மாசம் ஜப்பான்ல இதைத்தான் பேசப் போறேன்."

பேர் சரியென்றால் இலைதான் தப்பு, அது கீழே கிடந்த கொப்பின் இலை என்று தம்புசாமிக்குப் புரிந்துவிட்டது. பேரைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றால் ஒரு தடவைதானே என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அது பொய். உண்மையைச் சொன்னால் வேலை போகும். வாயை மூடிக்கொண்டால் இந்தப் பிள்ளை நாலு பேர் முன்னால் தலைகுனியும். மூன்று நாள் அவர் ஆரிஃபாவின் அறைப் பக்கமே போகவில்லை.

நாலாம் நாள் போய்ச் சொல்லிவிட்டார்.

"பேரு சரிதான் டாக்டர். இலைதான் அந்த மரத்தோடது இல்ல. நான் ஏறல லா. கீழ கிடந்ததை எடுத்தேன்."

ஆரிஃபா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அலமாரியைத் திறந்து, இரண்டு வருஷமாக அவர் கொண்டுவந்த இலைப் பைகளை எடுத்து மேசைமேல் பரப்பினார்.

"இதுல எதெல்லாம் ஏறிப் பறிச்சதுண்ணே?"

அவர் ஒரு பையை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். நூற்றுச் சொச்சம் பைகள். அத்தனை மரங்களும், அவை நின்ற இடமும்கூட நினைவிருந்தன. ஆனால் ஏறிப் பறித்தாரா, கீழே எடுத்தாரா என்பது ஒரு பைக்குக்கூட நினைவில்லை.