என் பெயர் ‘பிறகு எடுக்கிறன்’

இன்று காலை ஒட்டுசுட்டான் பஸ்ஸில், முன்பு என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்த சுதா பக்கத்தில் வந்து இருந்தாள்.

போனை நீட்டினாள். என் நம்பரை ‘பிறகு எடுக்கிறன்’ என்ற பெயரில் பதிந்து வைத்திருந்தாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்பா சுகமா இருக்கிறாரே?” என்று கேட்டேன்.

“அப்பா மோசம் போய் ரெண்டு மாசமடி. முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்குச் சொல்லத்தான் உனக்கு மூண்டு தரம் எடுத்தனான்.”

மூன்று முறையும் அழைப்பை வெட்டிவிட்டு அந்த இரண்டு சொற்களைத்தான் மெசேஜில் அனுப்பியிருக்கிறேன். அந்தக் கிழமை முழுக்க எங்கள் கந்தோரில் நேர முகாமைத்துவப் பயிற்சி. நடத்தியது நான்தான்.

உங்கள் போனில் என் பெயர் என்ன? கூச்சப்படாமல் எழுதுங்கள். இந்த முறை உடனே வாசிப்பேன்.