சொந்தத்தில் கட்டினீர்களா என்று கேட்டபோது

2006 வாக்கில் நடந்தது இது. ஹைதராபாத் மல்லாபூரில் ஒரு பெயின்ட் கம்பெனியில் நானும் என் தம்பியும் வேலை பார்த்தோம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். புது ஆட்களிடம் பேச வராது.

தம்பிக்கு இருமல் நிற்கவில்லை. செகந்திராபாத் அரசு மையத்தில் டி.பி. என்றார்கள். வாரம் மூன்று நாள் மாத்திரை. அவன் பீடியைத் தொடாதவன், நான்தான் குடிப்பேன். ஒரே வீட்டில் மூச்சு விட்டோம், அவனுக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை? மெஷின் முன்னால் நிற்கும்போதும் இதே யோசனைதான். என் எட்டு வயது மகளையும் சோதிக்க அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். என்ன சொல்வார்களோ என்று பயந்து நாளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் அங்கே ஆராய்ச்சிக்காக ஒரு தமிழ்ப் பெண் வந்திருந்தார். நோயாளி, கூடவே இருந்தும் நோய் வராதவர்கள், எல்லோருடைய ரத்தமும் வேண்டுமாம். கிருமி மூச்சு வழியாகத்தான் வரும், ஆனால் அதை எதிர்க்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறும், அதில் கொஞ்சம் பிறப்பிலேயே வருவது என்றார். அதைக் கண்டுபிடிக்க ரத்த உறவுக்காரர்களையும், வெளியிலிருந்து கல்யாணமாகி வந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். வாய் பிளந்து கேட்டேன். நானும் தம்பியும் கூட வந்திருந்த என் மனைவியும் சம்மதித்தோம். மனைவியும் தம்பியும் உள்ளே ரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது, படிவத்தை வைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"அண்ணிய சொந்தத்துல கட்டினீங்களாண்ணா, வெளியிலயா?"

என் மனைவி என் அக்கா மகள். அதைச் சொன்னால், அதனாலேயே பிள்ளைக்கு ஆபத்து என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

"வெளியிலதாம்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி சிரித்தாள். "ஏன் மாமா, எங்கம்மாவ அக்கா அக்கான்னு கூப்பிடுற, நான் வெளியாளா உனக்கு?"

தம்பி சிரிக்கவில்லை. "பொய்யெல்லாம் நக்கோ அண்ணே, வேணவே வேணாம். எனக்கு ஏன் வந்துச்சுன்னு நீதான தெனமும் கேக்குற? இப்பிடிச் சொன்னா அவங்க எப்பிடிக் கண்டுபிடிப்பாங்க?"

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். மூன்று முறை கதவு வரை போய்த் திரும்பினேன். கடைசியில் தலையைக் குனிந்தபடியே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. படிவத்தை எடுத்து அடித்துத் திருத்தினார்.

"நல்லவேளை வந்தீங்க. அண்ணி ரத்தத்த வெளியாளுதுன்னு வெச்சிருந்தா எல்லாம் தப்பாப் போயிருக்கும்."

அந்தத் தைரியத்தில் கேட்டேன். "சொந்தத்துல கட்டினதால எம் பொண்ணுக்கும் வந்துடுமாம்மா?"

"தெரியாதுண்ணா. தெரிஞ்சா நான் ஏன் இப்பிடி ஊசியத் தூக்கிட்டு அலையறேன்? பாப்பாவ மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

அந்த வாரமே மகளை அழைத்துப் போனேன். கையில் ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, நோய் இல்லை என்றார் டாக்டர். பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. தம்பியும் மாத்திரையை முடித்துத் தேறினான்.

அவனுக்கு ஏன் வந்தது, எனக்கு ஏன் வரவில்லை என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால், அவ்வளவு படித்த பெண்ணே தெரியாது என்று கூசாமல் சொன்னதை நினைக்கும்போதெல்லாம், தெரிந்ததைச் சொல்ல நான் ஏன் அப்படிக் கூசினேன் என்று தோன்றும்.